நாலு பலூன்

முழங்கால் வலி எவ்வளவு சௌகரியமான வியாதி என்பது சென்ற மாசி மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

அரூரில் என் தமக்கை இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தரமாவது மொரப்பூரில் ரயிலை விட்டிறங்கி, பஸ் ஏறி, அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காராவிட்டால் எனக்கு அந்த வருஷம் நிறைவதில்லை. இந்தத் தடவை நான் போன சமயம் தீர்த்தமலையில் மாசி மகத் திருவிழா. வீட்டார் அனைவரும் ஒரு வேன் பேசிக்கொண்டு புறப்பட்டோம். இராமபிரான் பாணம் விட்டுப் பாறையிலிருந்து தீர்த்தம் வரவழைத்தார் என்பது அந்த ஸ்தலத்தின் ஐதிகம். அந்தத் தீர்த்தத்தில் தலையை நனைக்க வேண்டுமானால் மலை ஏறித்தான் ஆக வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தியால் ஏற முடியாது. தமக்கையின் மகள், வயது பதினேழு. இரண்டு வருஷங்களுக்கு முன் நேர்ந்த ஒரு விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அவளுக்குத் துணையாக யாராவது ஒருவர் அடிவாரத்தில் தங்க வேண்டும். வழக்கம்போலத் தமக்கைதான் தங்குவதற்குத் தயாராக முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு முழங்கால் வலி. நீங்கள் எல்லாரும் போய் வாருங்கள்" என்றேன்.

எல்லாரும் நம்பினார்கள், ஒருத்தியைத் தவிர.

அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் அவள் கேட்டாள்: "முழங்கால் வலி பொய்தானே, மாமா?"

"பொய்தான்."

"தெரியும். உங்க கதையெல்லாம் படிச்சிருக்கேனே. பொய் சொல்றப்போ வாக்கியத்தைச் சின்னதா வெப்பீங்க."

எத்தனையோ விமர்சகர்களிடம் அகப்பட்டிருக்கிறேன். ஒருவரும் இதைக் கண்டுபிடித்ததில்லை. நான் சிரித்துச் சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேட்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. உங்க தொடர்கதை ஒண்ணிலே கால் விளங்காத பொண்ணு ஒருத்தி வருவாளே. அவளை ஏன் சாகடிச்சீங்க?"

பதினைந்து வருஷங்களுக்கு முன் எழுதிய கதை அது. அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டாவது அத்தியாயத்தில் விஷ ஜுரம் வரவழைத்து, இருபதாவது அத்தியாயத்தில் கதாநாயகனின் மடியில் கண்ணை மூட வைத்தேன். வாசகர்கள் அழுதுகொண்டே கடிதம் எழுதினார்கள். ஓர் அம்மாள், தான் அன்று அடுப்பே மூட்டவில்லை என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை வெகு நாள் மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தேன்.

"கதைக்கு அப்படி ஒரு முடிவு தேவைப்பட்டது" என்றேன். இதுவும் சின்ன வாக்கியம்தான்.

உண்மை வேறு. அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு மேலே என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளை அழ வைக்கத் தெரிந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நிலாவைப் பார்க்க வைக்கத் தெரிந்தது. ஆனால் மறுநாள் காலையில் அவள் எப்படிப் படுக்கையை விட்டு எழுந்திருப்பாள், எப்படிக் குளிப்பாள், யாரோடு சண்டை போடுவாள், எதற்காகச் சிரிப்பாள் என்பது ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. ஜுரத்தை அனுப்பிவிட்டேன்.

இதை அவளிடம் அப்படியே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். பையிலிருந்து செல்போனை எடுத்து ஒரு படத்தை ஓடவிட்டு என் பக்கம் நீட்டினாள்.

"இவங்களைப் பாருங்க. உங்ககிட்டே அகப்பட்டிருந்தா பத்தாவது அத்தியாயத்துக்குள்ளே போயிருப்பாங்க."

படத்தில் ஓர் இளம்பெண் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து துப்பாக்கியால் குறி பார்த்துக்கொண்டிருந்தார். ஜயப்பூரைச் சேர்ந்த அவனி லேகரா. பெயரைக் கேள்விப்பட்டிருந்தேன். தங்கப் பதக்கம் என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் பார்த்து, சந்தோஷப்பட்டு, அடுத்த பக்கம் புரட்டியவன்தான் நானும்.

2001-ல் பிறந்தவர். 2012-ல் ஒரு கார் விபத்து, முதுகுத்தண்டில் அடி, அதன்பின் நாற்காலி. இதுவரை என் மருமகளின் கதைதான். மூன்று வருஷம் கழித்து 2015-ல் தகப்பனார் அவரை ஊரிலுள்ள விளையாட்டு மைதானங்களுக்கு அழைத்துக்கொண்டு போனார். வில்வித்தையும் பழகிப் பார்த்தார். துப்பாக்கியும் பிடித்துப் பார்த்தார். 2008-ல் பீஜிங்கில் தனிநபராக நம் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த அபினவ் பிந்த்ராவின் சுயசரிதத்தைப் படித்ததும் துப்பாக்கி மனத்தில் நின்றுவிட்டது. சொந்தத் துப்பாக்கி லட்சக் கணக்கில் விலை பிடிக்கும் சமாசாரம். ஆரம்பத்தில் இரவல் துப்பாக்கிதான்.

2020-ல் நடக்க வேண்டிய டோக்கியோ பாராலிம்பிக் பந்தயங்கள் கொரோனாவால் 2021-க்குத் தள்ளிப் போயின. ஆகஸ்டு 30-ம் தேதி, பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில், தகுதிச் சுற்றில் ஏழாவதாகத் தேறிய அவனி, இறுதிச் சுற்றில் 249.6 புள்ளிகள் எடுத்து முதலாவதாக வந்தார். பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. நாலு நாளைக்குள் ஐம்பது மீட்டர் பந்தயத்தில் ஒரு வெண்கலமும் கிடைத்தது. வயது பத்தொன்பது.

"அந்தப் போட்டிக்கு என்ன பேர் தெரியுமா, மாமா?"

"ஏர் ரைபிள் என்றாயே."

"முழுப் பேரு, 'பத்து மீட்டர் ஏர் ரைபிள், நிற்கும் நிலை.'"

நான் படத்தை மறுபடி பார்த்தேன். அந்தப் பெண் உட்கார்ந்துதான் இருந்தார்.

"நிற்கும் நிலையா?"

"ஆமாம். படுத்துச் சுடறது, மண்டியிட்டுச் சுடறது, நின்னு சுடறதுன்னு மூணு உண்டு. நாற்காலியிலே இருக்கிறவங்களுக்குப் படுக்கைன்னா, முன்னாலே ஒரு பலகை இருக்கும். அதிலே ரெண்டு முழங்கையையும் ஊணிக்கலாம். மண்டின்னா ஒரு முழங்கை. நிற்கறதுன்னா, முழங்கையை எதுமேலேயும் ஊணக் கூடாது. சாயாம இருக்கணும். அதுக்குப் பேருதான் நிற்கறது."

ஐந்தாறு அகராதிகள் என் அலமாரியில் இருக்கின்றன. நிற்பது என்ற சொல்லுக்கு இவ்வளவு நல்ல பொருள் எதிலும் கிடையாது.

இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம். "உட்கார்ந்து சுட்டால் கை ஆடாது. அது லேசுதானே?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், ஒன்றாம் வகுப்பு வாத்தியார் சிலேட்டை எறியுமுன் பார்க்கிற பார்வை இருந்தது. பிறகு பொறுமையாக விளக்கினாள். துப்பாக்கி ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அதை முன்னால் நீட்டிப் பிடித்தால் உடம்பு முன்பக்கம் சாயப் பார்க்கும். மற்றவர்கள் காலாலும் இடுப்பாலும் அதைச் சரிக்கட்டிக்கொள்கிறார்கள். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு வயிற்றுத் தசையும் இடுப்புத் தசையும் சொன்னபடி கேட்பதில்லை. ஆகையால்தான் அவரவர் உடம்பின் நிலையைப் பரிசோதித்து, நாற்காலியின் சாய்மானம் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதற்குக்கூட விதி வைத்திருக்கிறார்கள்.

"நீங்கள்ளாம் முழு மரம், மாமா. எங்களுக்குப் பாதி மரந்தான். அதை வெச்சுக்கிட்டே காத்திலே ஆடாம இருக்கணும்."

"எவ்வளவு பெரிய குறி?"

"முழு வட்டமே 45.5 மில்லி மீட்டர்தான். நடுவிலே பத்துப் புள்ளிக்கான பொட்டு அரை மில்லி மீட்டர். கசகசா தெரியுமில்லே? அதிலே பாதி. அதுவும் முப்பத்து மூணு அடி தூரத்திலே."

பத்து என்பதோடும் விடுவதில்லையாம். பொட்டின் நடுமத்திக்கு எவ்வளவு அருகில் படுகிறதோ அதைப் பொறுத்து 10.1, 10.2 என்று ஏறி, உச்சமாக 10.9 வரை போகும். இறுதிச் சுற்றில் மொத்தம் இருபத்து நாலு தோட்டா. எட்டுப் பேர் ஆரம்பிப்பார்கள். பன்னிரண்டாவது தோட்டாவுக்குப் பிறகு ஒருவர் வெளியே. அப்புறம் இரண்டு தோட்டாவுக்கு ஒருவராக எழுந்து போய்க்கொண்டே இருக்க, கடைசியில் இருவர் மிஞ்சுவார்கள்.

என் கையிலிருந்த படம் பாரிஸில் 2024 ஆகஸ்டு 30-ம் தேதி நடந்த இறுதிச் சுற்று. டோக்கியோவில் வென்ற அதே தேதி, அதே போட்டி. இடையில் 2022-ல் பிரான்ஸில் ஷாத்தோரூ என்ற ஊரில் 250.6 எடுத்து உலக சாதனை செய்திருந்தார். 2024-ன் தொடக்கத்தில் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை. உடம்பு இளைத்து, பயிற்சி தடைப்பட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துத்தான் பாரிஸ் வந்திருந்தார். மூன்றாவது இடத்தோடு விலகியவரும் நம் நாட்டவரே: ராஜஸ்தானைச் சேர்ந்த மோனா அகர்வால். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டவர்; இரண்டு குழந்தைகளுக்குத் தாய்.

மிஞ்சியவர்கள் அவனியும் தென் கொரியாவின் லீ யுன்ரியும். ஒரே ஒரு தோட்டா பாக்கி. கொரியப் பெண் 0.8 புள்ளி முன்னால் இருந்தார். இருவரும் குறி வைத்தார்கள். லீயின் தோட்டா 6.8-ல் போய் விழுந்தது. அவனியினுடையது 10.5. மொத்தம் 249.7. இரண்டாவது தங்கம்.

நான் அந்தக் கொரியப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தேன். எழுத்தாளனின் புத்தி. இருபத்து மூன்று தோட்டாக்களைப் பிசகாமல் போட்டவருக்கு, இருபத்து நாலாவதில் உடம்போ மனசோ ஒரு மயிரிழை ஆடிவிட்டது. மருமகள் அவனியின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. கடைசித் தோட்டாவுக்கும் முதல் தோட்டாவுக்கும் வித்தியாசம் தெரியாத முகம்.

செல்போனை அவள் பைக்குள் போட்டபோதுதான் எதிரே இருந்த பலூன் கடை என் கண்ணில் பட்டது. எந்தத் திருவிழாவிலும் பார்க்கலாம். மரச் சட்டத்தில் வரிசை வரிசையாகக் கலர் பலூன். முன்னால் ஒரு பலகை. அதன்மேல் தேய்ந்துபோன ஏர் கன்.

"சுடலாமா?" என்றேன்.

"அதுக்குத்தானே இங்கேயே நிறுத்தச் சொன்னேன்."

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். "பாப்பாவுக்கு வாணாங்க, பலகை எட்டாது. நீங்க சுடுங்க சாமி, பாப்பா பார்க்கட்டும்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும்கூட ஒரு நிமிஷம், அதுவும் சரிதான் என்று நினைத்தேன்.

நான் பத்துக் குண்டு சுட்டேன். ஒரு பலூன் வெடித்தது. அது நான் குறி பார்த்த பலூன் அல்ல என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

"பலகையை எடுத்துடுங்க அண்ணா" என்றாள் அவள்.

"கையை எதுமேலே வெச்சுக்குவே, கண்ணு?"

"எதுமேலேயும் இல்லே."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். கயிற்றை அவிழ்த்துப் பலகையை எடுத்து மண்ணில் சாய்த்தார். நான் நாற்காலியைக் கோட்டுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தைப் பூட்டினேன். துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்ததும் அவள் உடம்பு முன்னால் சாய்ந்தது. என் கை தானாக நீண்டது.

"பிடிக்காதீங்க, மாமா."

கையை இழுத்துக்கொண்டேன். இரண்டு தரம் சாய்ந்து, இரண்டு தரம் நிமிர்ந்தாள். மூன்றாவது தரம் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். முதல் மூன்று குண்டும் வீண். ஆனால் மூன்றும் இடப்பக்கமாகவே போவதை அவள் கவனித்திருந்தாள். "குழாய் கோணலா இருக்கு" என்று முணுமுணுத்தாள். கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். நாலாவது குண்டை ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளி வைத்தாள். ஒரு மஞ்சள் பலூன் வெடித்தது.

பத்துக்கு நாலு. கை நடுங்க, நெற்றியெல்லாம் வேர்வை வழிய, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பையன்கள் கை தட்டவில்லை. "அக்கா, சீக்கிரம் குடுங்க, எங்க முறை" என்றார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அன்று இரவு அரூர் வீட்டில் தூக்கம் வரவில்லை. இந்த விஷயத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1948 ஜூலை 29-ம் தேதி லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் குட்மன் என்ற டாக்டர், யுத்தத்தில் அடிபட்டு நாற்காலியில் இருந்த பதினாறு பேருக்கு அம்பு எய்யும் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்கின் விதை அது. துப்பாக்கி சுடுதல் 1976-ல் டொரான்டோவில் சேர்ந்துகொண்டது. அதே 1948-ல், லண்டன் ஒலிம்பிக்கிலேயே, ஹங்கேரியின் கரோலி தகாச் கைத்துப்பாக்கிப் பந்தயத்தில் தங்கம் வென்றார். பத்து வருஷங்களுக்கு முன் ராணுவத்தில் கையெறி குண்டு வெடித்து அவருடைய வலது கை சிதைந்திருந்தது. இடது கையால் சுடக் கற்றுக்கொண்டு வந்தவர், 1952-லும் வென்றார். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துச் சேலம் ஜில்லாவில் பெரியவடகம்பட்டி மாரியப்பன் இருக்கிறார். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர், 2016-ல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் கொண்டுவந்தார்.

படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. எல்லாக் கதையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தது. விபத்து, கண்ணீர், பதக்கம். 2012-லிருந்து 2021 வரை ஒன்பது வருஷம் ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போய்விடுகிறது. அந்த ஒன்பது வருஷத்தில் எத்தனை காலைகள்! படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து காருக்கு, காரிலிருந்து மறுபடி நாற்காலிக்கு, தோள் கடுக்க ஒரே குறியைப் பார்த்து ஆயிரமாயிரம் தோட்டா, பத்து விழாத நாட்கள், பள்ளிக்கூடப் பரீட்சை, அதன் பிறகு சட்டப் படிப்பு. அதெல்லாம் எங்கே? நான் என் கதாநாயகியை ஜுரத்தால் கொன்றேன். பத்திரிகைகள் இவர்களைத் தேவதைகளாக்கிவிட்டன. செத்தவர்களுக்கும் தேவதைகளுக்கும் ஒரு சௌகரியம் உண்டு. இருவருக்கும் மறுநாள் காலை கிடையாது. அதனால் நமக்கும் அவர்களிடம் செய்ய வேண்டிய காரியம் எதுவும் இல்லை.

மறுநாள் நான் புறப்படும்போது அவள் திண்ணையில் இருந்தாள்.

"உனக்குத் துப்பாக்கிப் பயிற்சிக்கு எங்கேயாவது விசாரிக்கட்டுமா?" என்றேன். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம்.

"ஐயோ மாமா! நான் துப்பாக்கி சுடப் போறேன்னு எப்போ சொன்னேன்? எனக்கு பி.காம். படிக்கணும்."

"படியேன்."

"விசாரிச்ச காலேஜிலே பி.காம். வகுப்பு மாடியிலே. ஏறிப் போகச் சரிவு கிடையாது, லிப்டும் கிடையாது. 'வீட்டிலிருந்தே தபாலில் படிக்கலாமேம்மா'ன்னு ரொம்ப அன்பாச் சொன்னாங்க."

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இம்மாதிரி இடங்களில் எல்லாரும் புழங்க வழி செய்யச் சொல்கிறது. அந்தச் சட்டத்தை அவள் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். வகுப்பைக் கீழ்த் தளத்துக்கு மாற்றும்படி கேட்டு அவளும் அவள் தகப்பனாரும் மனுக் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை. மறுபடி எழுதப் போகிறாளாம்.

"பதில் வருமா?"

"மூணு போயிருக்கு, நாலாவது விழுமோ என்னவோ" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நானும் ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எனக்கு எழுதத்தானே தெரியும்?

பஸ் வரும் சத்தம் கேட்டது. பையை எடுத்துக்கொண்டேன்.

"மாமா, நேத்து நடந்ததை எழுதுவீங்க, இல்லே?"

"எழுதலாமா?"

"எழுதுங்க. ஆனா, நாலு பலூன்னே எழுதுங்க. பத்துன்னு எழுதிடாதீங்க."

எழுதிவிட்டேன். நாலுதான்.